முழங்காலுக்குச் சொந்தக்காரர்

கூழாங்குடிக்காரர்களை முட்டாள்கள் என்று சொல்பவர்கள் அந்த ஊரில் ஒரு நாளாவது இருந்து பார்த்தார்களா, தெரியவில்லை. அங்கே சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள், அவ்வளவுதான். அது குற்றமென்றால் சொன்னவர்களைப் பிடித்துக் கேளுங்கள்.

தாய்ச்சி சொல்லிக்கொடுக்க டவுனிலிருந்து ஹேமாவதி டீச்சர் வந்தார். தாய்ச்சி என்பது சீனத்து உடற்பயிற்சி. தண்ணீருக்குள் அசைப்பதுபோலக் கையையும் காலையும் மெதுவாக அசைக்க வேண்டும். அசைத்துக் காட்டிவிட்டு டீச்சர் சொன்னார்: "இதை எதுக்குச் செய்றோம்னு ஒவ்வொருத்தரும் உங்க சொந்த நோக்கத்தைக் கண்டுபிடிங்க. அடுத்தவங்க நோக்கம் உங்களுக்கு வேண்டாம்." பஸ் வந்தது. போய்விட்டார்.

"என் முழங்கால் வலி போகணும்," என்றார் சன்னாசி, முதல் ஆளாக.

"எனக்கும் அதேதான்," என்றாள் அருளாயி. ஆவணியில் அவள் மகளுக்கு மலைக்கோயிலில் கல்யாணம். நாலு படி ஏறினாலே அவளுக்கு முழங்கால் பிடித்துக்கொள்ளும். மகள் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்க முடியுமா என்பதே சந்தேகம்.

ஊர்த்தலைவர் பெத்தபெருமாள் குறுக்கிட்டார். "அதேன்னா எப்படி அருளாயி? முழங்காலைத்தான் சன்னாசி எடுத்தாச்சே."

"அண்ணே, அவருக்கு இடது, எனக்கு வலதுன்னு வச்சுக்கலாமே."

"பங்கு போட்டா அது சொந்த நோக்கமா?" என்றார் சன்னாசி. "கூட்டு நோக்கம்ல ஆயிரும்."

வாதத்தின் நியாயத்தை ஊரே ஒப்புக்கொண்டது. தூக்கம், தொப்பை, மலச்சிக்கல் எல்லாவற்றுக்கும் ஆள் வந்துவிட்டது. மிச்சமிருந்தது கோபம் தணிவது ஒன்றுதான்.

"எனக்குக் கோபமே வராதேண்ணே," என்றாள் அருளாயி.

"அப்ப முதல்ல வரணும். வராததை எப்படித் தணிக்கிறது?"

கோபத்தை வரவழைக்கும் பொறுப்பைப் பெத்தபெருமாளே ஏற்றுக்கொண்டார். அவள் போட்ட கோலத்தில் நடந்தார். அரைத்த மாவில் தண்ணீரைக் கொட்டினார். "பாத்துண்ணே, வழுக்கும்," என்றாள் அருளாயி. ஒருநாள், அவள் கையை அசைத்துக்கொண்டிருந்தபோது, "உன் பொண்ணுக்கு இதைவிட நல்ல மாப்பிள்ளை கிடைச்சிருப்பான்," என்றார்.

வந்தது கோபம். அறைந்தாள். பயிற்சிக்கு நடுவே என்பதால் மெதுவாக அறைந்தாள். கை கிளம்பி, வளைந்து, கன்னத்துக்கு வந்துசேர வெகுநேரம் ஆயிற்று. பெத்தபெருமாள் நகரவில்லை. நகர்ந்தால் அவள் நோக்கம் என்னாவது?

சன்னாசியோ கட்டிலை விட்டு எழவே இல்லை. நோக்கத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள், கண்டுபிடித்தாயிற்று. அதற்குப் பிறகும் கையைக் காலை ஆட்டுவானேன் என்பது அவர் கேள்வி. சிரிப்பவர்கள் அதற்குப் பதில் சொல்லிவிட்டுச் சிரிக்கட்டும்.

ஆவணி வந்தது. அருளாயிக்கு முழங்கால் வலி போயிருந்தது. சன்னாசிக்குப் போகவில்லை.

"திருட்டு," என்றார் சன்னாசி. பஞ்சாயத்து கூடியது.

"நான் எதையும் எடுக்கலண்ணே. தானா சரியாயிருச்சு."

"வழி தப்பி உன் வீட்டுக்கு வந்த மாட்டை நீயே கறந்து குடிப்பியா?" என்று கேட்டார் பெத்தபெருமாள்.

அருளாயி யோசித்தாள். குடிக்க மாட்டாள். "நாளைக்குக் கல்யாணம்ணே. இதைத் திருப்பிக் கொடுத்துட்டா நான் எப்படிப் படியேறுவேன்?" அவள் கண் கலங்கியது.

ஊர் இரக்கப்பட்டது. தீர்ப்பு இப்படி: சுகம் சன்னாசியுடையது, இருப்பது அருளாயியின் காலில். ஆகவே அந்தக் கால் எங்கே போனாலும் சொந்தக்காரரும் கூடவே போக வேண்டும். அவரால் நடக்க முடியாது. ஆகவே அவள் தூக்கிப்போக வேண்டும்.

மறுநாள் சன்னாசியை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு அருளாயி மலையேறினாள். "மெதுவாப் போ அருளாயி, எனக்கு முழங்கால் வலிக்குது," என்று அவர் வழியெல்லாம் முனகினார். முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். தாலி ஏறியதை அவளும் பார்த்தாள், அவள் தோளுக்கு மேலாகச் சன்னாசியும் பார்த்தார். அவர்தான் அதிகம் அழுதார்.

வெளியூர்க்காரரான சம்பந்தி கிட்டே வந்தார். "முதுகுல யாரு சம்பந்தி?"

"என் முழங்காலுக்குச் சொந்தக்காரர்."

சம்பந்தி வேட்டியை விலக்கித் தன் முழங்கால்களைப் பார்த்தார். முகம் வெளுத்தது. "அப்ப இது யாரோடது?"

யாருக்கும் தெரியவில்லை. ஒரு வார்த்தை கேட்காமல் இத்தனை வருஷம் நடந்துவிட்டோமே என்று பதறிய மனிதர், மேற்கொண்டு அவற்றை மடக்கத் துணியாமல், காலை நீட்டி உட்கார்ந்து, ஒவ்வொரு படியாகப் பின்புறத்தால் நழுவி, சொந்தக்காரரைத் தேடி மலையிறங்கிப் போனார்.