பாறைக்குழியில் மழை

குவாரிக்காரர்கள் போன பிறகு, மலை இருந்த இடத்தில் பெரும் பள்ளம் மிஞ்சியது. பாறை சரிந்து செங்கமலத்தின் கணவர் செத்தது அதன் அடியில்தான்.

பள்ளத்தின் விளிம்பில் குடிசை போட்டிருந்த தாயுமானசாமி அவளைவிட வயதில் இளையவர். இருந்தும் அவரையே குருவாக ஏற்றுக்கொண்டாள். வந்த அன்றே கேட்டாள்.

“சாமி, இந்தக் குழியைத் தூர்க்க வழி சொல்லுங்க. இப்படி ஒண்ணு இருந்த தடமே தெரியக் கூடாது.”

சாமி ஒரு கூடையைக் கொடுத்தார். வற்றிய ஏரியிலிருந்து இருவரும் வண்டல் சுமந்தார்கள். அவர் அதைக் குழிக்குள் கொட்டவில்லை. குவாரிக்காரர்கள் வெட்டிய பாறை பள்ளத்துக்குள் படிப்படியாக இறங்கியிருந்தது. படியோரமெல்லாம் உடைகல்லை வரப்பாக அடுக்கி, உள்ளே மண்ணைப் பரப்பினார். சீத்தாவும் நாவலும் நட்டார்.

“குழி அப்படியேதானே கிடக்கு, சாமி?”

“கிடக்கட்டும்மா.”

அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆனாலும் சுமந்தாள். மேல்படிகளைத் தாண்டி மட்டும் இறங்கவே இல்லை.

ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. மழை வெறித்த காலையில் சாமி அவளைக் கூப்பிட்டார்.

“கீழே போவோம், வாங்க.”

“என்னால முடியாது சாமி. அவர் விழுந்த இடம்.”

“தெரியும். நான் முன்னால போறேன்.”

சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கினாள். மண் கரையவில்லை. கன்றுகள் கழுவிவிட்டதுபோல நின்றன. கடைசிப் படியில் அவள் கால் தானாக நின்றது.

அடியில் தண்ணீர். துளி அசைவில்லை. வானம் முழுக்க அதில் இறங்கிக் கிடந்தது. பாறை வெடிப்பிலிருந்து ஊற்று ஒன்று கசிந்து, சுவரெல்லாம் மினுமினுத்தது. யாரும் நடாத புல் இடுக்குகளில் எட்டிப் பார்த்தது. எங்கிருந்தோ வந்த குருவிக்கூட்டம் நீரைத் தொட்டுத் தொட்டுப் பறந்தது.

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கை தானாகக் குவிந்தது.

“இவ்வளவும் இங்கேயா சாமி?” என்றாள் மெல்ல.

“இங்கேதான்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“அப்போ... அவர் போனதுக்கு இது ஈடாகுமா?”

சாமி அவளை நேராகப் பார்த்தார்.

“ஆகாதும்மா.”

பிறகு குனிந்து இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி அவளிடம் நீட்டினார்.

“குடிங்க.”