ஏழாம் பக்கத்துக்கு ஒரு கமர்கட்டு

“பதினோரு பிள்ளைங்க படிச்சாச்சு. ஒரு பிள்ளைகூட அந்த வரியில நிக்கல. அப்புறமும் அத அடிப்பேன்னா, நான் எதுக்கு இங்க?”

நேற்றுச் சாயங்காலம் ஜெசிந்தா டீச்சர் இதைத்தான் கேட்டார். இன்று காலை வந்ததும், தோளில் மாட்டிய பையைக்கூட இறக்காமல் இதையேதான் கேட்டார். இப்போது மூன்றாம் தடவை, ஒரு எழுத்துக் குறையாமல்.

நப்பின்னை நிமிரவில்லை. பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

கான்வென்டில் இருபத்தெட்டு வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்ந்த டீச்சர், எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைகளுக்குப் புத்தகம் எடிட் செய்யக் கற்றுக்கொள்கிறேன் என்று இந்தப் பதிப்பகத்துக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. கற்றுக்கொடுக்கிற நப்பின்னை அவரைவிடப் பதினேழு வயது சின்னவள். அதையும் பொறுத்துக்கொண்டார். தன் வரியை அடிப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

புத்தகம், பஸ்ஸில் ஏறிய ஒரு ஆட்டைப் பற்றியது. ஆடு டிக்கெட் வாங்குகிறது. டிக்கெட்டைத் தின்றுவிடுகிறது. பக்கத்தைப் புரட்டினால் செக்கர் நிற்கிறார்.

செக்கர் வருவதற்கு முன்னால், ஏழாம் பக்கத்தின் அடியில், டீச்சர் சேர்த்த வரி இருந்தது:

‘பயணச்சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்வது பயணிகளின் கடமை அல்லவா?’

“இந்த வரி இல்லன்னா கதையில என்ன மேடம் இருக்கு? ஒரு ஆடு பேப்பர் தின்னுது. அத எங்க தெருவுலயே பாக்கலாம்.”

“பாக்கலாம்,” என்றாள் நப்பின்னை.

“நாளைக்குப் புத்தகம் அச்சுக்குப் போகுது. அந்த வரி போனா நானும் போறேன். சொல்லிட்டேன்.”

“சரி டீச்சர். பன்னிரண்டாவது பிள்ளை வெளியில நிக்குது. கூப்பிடலாம். அதுக்கு முன்னாடி வாயத் திறங்க.”

“என்னது?”

திறந்த வாயில் ஒரு கமர்கட்டு விழுந்தது.

மேஜைமேல் இருந்த அந்த ஜாடி பிள்ளைகளுக்கென்றுதான் டீச்சர் ஒரு மாதமாக நினைத்திருந்தார்.

நப்பின்னை தன் வாயிலும் ஒன்றைப் போட்டுக்கொண்டாள். “கடிச்சுடாதீங்க, பல்லு போயிடும். சப்புங்க. பத்து நிமிஷம் வரும்.”

டீச்சருக்குப் பதில் சொல்ல ஆசைதான். தாடை ஒட்டிக்கொண்டது.

ரிஸ்வானா வந்தாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு. முன்பல் இரண்டும் இல்லை. ஸ்டேப்லர் அடித்த மாதிரிப் பிரதியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு விரல் ஓட்டினாள்.

“ஆடு... பஸ்... பஸ்ஸில்... ஏறியது.”

டிக்கெட் வாங்கியது. டிக்கெட்டை முகர்ந்து பார்த்தது. டிக்கெட்டைத் தின்றது. ரிஸ்வானாவுக்குச் சிரிப்பு வந்தது. விரல் அடுத்த வரிக்கு இறங்கியது.

“ப... ய...”

விரல் நின்றது.

பிள்ளை நிமிர்ந்தாள். அவள் கண் டீச்சரின் முகத்துக்குக்கூடப் போகவில்லை. நேராக உதட்டுக்குப் போனது.

திணறும் பிள்ளைக்குச் சொல்லை எடுத்துக்கொடுக்கும் இருபத்தெட்டு வருஷப் பழக்கம் டீச்சரின் நாக்கு நுனியில் வந்து நின்றது. கமர்கட்டு வழிவிடவில்லை. “ம்ம்,” என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது.

பிள்ளை நப்பின்னையைப் பார்த்தாள். அங்கேயும் ஒரு கன்னம் புடைத்திருந்தது.

ஃபேன் சுற்றியது.

டீச்சருக்குப் பதினோரு முகங்களும் ஞாபகம் வந்தன. எல்லாம் இதே மாதிரி நிமிர்ந்த முகங்கள்.

ரிஸ்வானா புத்தகத்தை மூடினாள்.

“மிஸ், நான் கிளாஸுக்குப் போகட்டா?”

இத்தனை வருஷத்தில் தன் எதிரில் ஒரு பிள்ளை புத்தகத்தை மூடி டீச்சர் பார்த்ததில்லை. மூட விட்டால்தானே?

நப்பின்னை அசையவில்லை. ஜாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பாவி.

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பிள்ளையின் அருகில் உட்கார்ந்தார். ஏழாம் பக்கத்தைத் திறந்தார். தன் உள்ளங்கையை எடுத்து, கடமையின் மேல் வைத்து அழுத்தினார்.

ரிஸ்வானா கையைப் பார்த்தாள். ஆட்டின் வாயில் தொங்கிய டிக்கெட் துணுக்கைப் பார்த்தாள். பக்கத்தைப் புரட்டினாள்.

“செக்... செக்கர்... வந்தார்!”

“ஐயோ!” என்றாள். அது புத்தகத்தில் இல்லை.

அதன் பிறகு விரல் வேகமாகப் போனது. இரண்டு பக்கம் போனதும் சத்தம் குறைந்தது. இன்னும் ஒரு பக்கத்தில் உதடு மட்டும் அசைந்தது. கடைசிப் பக்கம் முடிந்து, யாரையும் கேட்காமல், முதல் பக்கத்துக்குப் போனாள்.

டீச்சரின் வாயில் கமர்கட்டு கரைந்துவிட்டது. சீவிய பென்சில் மேஜையில் கிடந்தது. எடுத்துக்கொண்டார்.

“கண்ணு, அத ஒரு நிமிஷம் குடு. ஏழாம் பக்கத்துல ஒண்ணு அடிக்கணும்.”

ரிஸ்வானா தலையைத் தூக்கவில்லை. ஆடு மறுபடியும் பஸ் ஏறிக்கொண்டிருந்தது.

டீச்சர் நப்பின்னையைப் பார்த்தார். அவள் வாயில் இன்னும் பாதிக் கமர்கட்டு இருந்தது.

“ஒரே ஒரு வரிதான்டி தங்கம். அடிச்சிட்டு உடனே தந்துடுறேன்...”