காலிக் கூட்டுக்கு ஒரு துளை

கோபத்தை அடக்கத் தெரிந்தவர்கள் மட்டும் இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லலாம். தாமிரபரணிக் கரையில் ஓர் ஊர். அங்கே சிவசுப்பு என்றொருவர் தோட்டாக்களைச் சேர்த்து வந்தார். துப்பாக்கி அவரிடம் கிடையாது. பித்தளையின் நிறத்திலும் அடிப்பாகத்தில் பொறித்த எழுத்துகளிலும் அவருக்கு அப்படியொரு மயக்கம். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் சிறை என்று கேள்விப்பட்டு, மூன்று வருடம் அலுவலகங்களுக்கு நடந்தார்.

"துப்பாக்கி இல்லாதவருக்குத் தோட்டா எதுக்கு சார்?" என்றார் எழுத்தர்.

தபால்தலை சேர்ப்பது போலத்தான் என்று சிவசுப்பு விளக்கினார்.

"அப்ப தபால்தலையே சேருங்களேன். யாரு வேண்டாங்கா?"

கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார்கள். வெடிக்காத தோட்டாக்களில் மருந்தை எடுத்துவிட்டு, அடியில் துளை போட வேண்டும். வெடித்து முடிந்த காலிக் கூடுகளுக்குத் துளை தேவையில்லை. அதிகாரி வரும்போது காட்டினால் போதும். சிவசுப்பு அந்த உத்தரவை இரண்டு தடவை வாசித்துப் பார்த்தார்.

அவரிடம் ஒரு காலிக் கூடு இருந்தது. நான்கு வருடத்துக்கு முன்பு மணல் லாரிகளை மறித்து ஊரே பாலத்தில் உட்கார்ந்தபோது போலீஸ் சுட்டது. செல்லப்பாண்டி செத்தான். பாலத்தின் மேலிருந்து வானத்தை நோக்கித்தான் சுட்டோம் என்றார்கள் போலீஸார். சிவசுப்பு மறுநாள் அந்தப் பக்கம் போனார். பாலத்துக்குக் கீழே, மதகின் மறைவில், அவரிடம் இல்லாத ரகத்தில் ஒரு கூடு கிடந்தது. குனிந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மதகடியில் போலீஸ் நிற்கவே இல்லை என்று விசாரணையில் சொன்னபோதும் அவர் வாய் திறக்கவில்லை. ஒருமுறை மட்டும் துப்பாக்கி பழுது பார்க்கும் ஞானமுத்துவிடம், டீ குடித்தபடி, அந்தக் கூட்டைப் பற்றிப் பெருமையாகச் சொல்லியிருந்தார்.

துளை போடவும் அந்த ஞானமுத்துவிடம்தான் போனார். ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்த ஞானமுத்து, ஒன்றில் நிறுத்தினார்.

"இது காலிக் கூடுல்லா அண்ணாச்சி. இதை எதுக்குக் கொண்டாந்தீங்க?"

"எல்லாத்துக்கும் போட்டுருங்க. பார்க்க ஒண்ணுபோல இருக்கட்டும்."

கூட்டின் அடியில் துப்பாக்கி ஊசி குத்திய தடம் இருக்கும். எந்தத் துப்பாக்கி என்பதை அந்தத் தடம்தான் சொல்லும். துளை விழுவதோ சரியாக அதே இடத்தில். இது இருவருக்குமே தெரியும்.

சிவசுப்பு திரும்பப் போனபோது மற்றவை எல்லாம் துளையோடு இருந்தன. அந்தக் கூட்டைக் காணோம். உரியவளிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார் ஞானமுத்து. நம்பிக் கொடுத்த பொருளைத் தூக்கிக் கொடுக்க நீ யார், இதற்குப் பெயர் திருட்டு என்று சிவசுப்பு தெருவே கேட்கக் கத்தினார். ஞானமுத்து பழுதுக்கு வந்திருந்த துப்பாக்கியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

செல்லப்பாண்டியின் மனைவி பேச்சியம்மாள் கூட்டை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனாள். எங்கே கிடைத்தது என்று கேட்டார்கள், மதகடியில் என்றாள். யார் எடுத்தது, யார் கொடுத்தது என்று கேட்டார்கள். எடுத்தவரைச் சொன்னால் கொடுத்தவரும் வெளியே வருவார், அவர் தொழிலுக்கு ஆபத்து வரும் என்று வாயை மூடிக்கொண்டாள். உரிமமில்லாமல் தோட்டாவின் பாகத்தை வைத்திருந்ததாக அவள் மீதே வழக்குப் பதிந்தார்கள். சுட்டவன் மேல் இன்றுவரை ஒரு வழக்கும் இல்லை.

சிவசுப்புவுக்கு உரிமம் வந்த அன்று அவள் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றாள். யார் எடுத்தது என்று ஞானமுத்து சொல்லி அவளுக்குத் தெரிந்திருந்தது.

"எங்க கிடந்துச்சுன்னு மட்டும் வந்து சொல்லுங்க அண்ணாச்சி. வேற ஒண்ணும் கேக்கலை."

சொன்னால் சாட்சியத்தை மறைத்த வழக்கு வரும், உரிமம் போகும், ஆயுள் முழுக்கச் சேர்த்தது பறிபோகும். "நான் சட்டப்படி நடந்தவன்மா. சட்டத்தை மீறினது நீங்க ரெண்டு பேருந்தான்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். அவர் கோபம் பொய்யில்லை.

நம்பிக் கொடுத்த பொருளைக் கேட்காமல் கைமாற்றினார் ஞானமுத்து. நீதிமன்றத்தில் கேட்டும் பெயரைச் சொல்லவில்லை பேச்சியம்மாள். எல்லா விதிக்கும் கீழ்ப்படிந்தார் சிவசுப்பு. சொல்லுங்கள், இதில் யார் செய்தது சரி?

விடை: சட்டத்துக்குப் பயந்தவர் என்று சிவசுப்புவை விட்டுவிட முடியாது. காலிக் கூட்டில் துளை போடச் சட்டம் கேட்கவில்லை, கேட்டவர் அவர். அந்தக் கூட்டைத் தூக்கி எறிய அவருக்கு மனம் வரவில்லை. சாட்சி சொல்லத் துணிவும் இல்லை. தடத்தை அழித்துவிட்டால் குற்ற உணர்ச்சி இல்லாமல் அலமாரியில் வைத்துக்கொள்ளலாம். ஞானமுத்து விதியை மீறினார், ஆனால் தடம் பிழைத்தது. பேச்சியம்மாள் மறைத்தது தன்னைக் காக்க அல்ல. எனவே அவர்கள் இருவர் செய்ததுதான் சரி. ஆனால் அந்தச் சரி போதவில்லை. எந்தத் துப்பாக்கி என்று கூடு சொல்லும். எங்கே நின்று சுட்டார்கள் என்று எடுத்தவர்தான் சொல்ல வேண்டும். பேச்சியம்மாள் இப்போதும் வாய்தாவுக்குப் போய் வருகிறாள். அந்த நாட்களில் சிவசுப்பு வீட்டை விட்டு இறங்குவதில்லை.