ஆயிரம் ஆணிக்கு ஒரு வாள்

முன்னொரு காலத்தில், தன் நிழல் ஏன் தன்னைத் தொடர்கிறது என்று திரும்பித் திரும்பிப் பார்க்கும் அரசன் ஒருவன் இருந்தான். பெயர் மகுடவர்மன். அவன் நாட்டு மக்களுக்கு 'மாயபுரி' என்ற ஆட்டத்தின் மேல் பைத்தியம். ஊர்தோறும் ஆட்டக்கூடம் உண்டு. அங்கே போய்க் கொல்லனாகவோ தச்சனாகவோ வேடம் ஏற்கலாம். கட்டையில் மரச்சுத்தியால் பத்து அடி அடித்தால் ஓர் ஆணி செய்ததாகக் கணக்கு. நூறு ஆணி செய்தவன் வாள் செய்யலாம்.

ஒருவரும் நூறைத் தொடும் முன்பே, ஆட்டத்துக்குப் பொறுப்பாளரான வல்லபராயர் அந்த நூற்றை ஆயிரமாக்கினார். அவருடைய வேடம் மட்டும் முதல் நாளே இடுப்பில் வாளோடு திரிந்தது. எப்படி என்று அரசன் குடைந்து குடைந்து யோசித்தான். அவனும் மாசானம் என்ற பொய்ப்பெயரில் ரகசியமாக ஆணி அடித்துக்கொண்டிருந்தான். வெளியே தெரிந்தால் மானம் போய்விடும்.

குறைகள் குவியவே, அவன் விகடகவி தில்லைக்கூத்தனை அழைத்தான்.

"ஒருவரும் குறை சொல்லாதபடி இதைச் சரிசெய்."

வல்லபராயருக்கு விகடகவியைக் கண்டாலே ஆகாது. "செய்யட்டும் அரசே. ஆனால் ஆயிரத்தை அவர் குறைக்கக் கூடாது. அதன் பிறகும் ஒரு குறை வந்தால் அவர் நாட்டை விட்டே போகட்டும்" என்றார்.

தில்லைக்கூத்தன் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டான். அந்தச் சிரிப்பு அரசனுக்குப் பிடிக்கவில்லை. இருவரும் கூட்டோ? பின்னால் ஒற்றனை அனுப்பினான். விகடகவி ஒரு கட்டையும் சுத்தியும் வாங்கினார் என்று ஒற்றன் சொன்னான். அரசனுக்கு ஒற்றன் மேலும் சந்தேகம் வந்தது.

மறுநாள் சபை நிரம்பி வழிந்தது. தில்லைக்கூத்தன் கட்டையை நடுவில் வைத்தான்.

"அரசே, ஆயிரம் ஆயிரமாகவே இருக்கட்டும். வாள் வைத்திருப்பவர் மட்டும், அந்த ஆயிரம் ஆணியையும் எல்லோர் முன்னும் ஒருமுறை அடித்துக் காட்ட வேண்டும்."

நாட்டில் வாள் வைத்திருந்தவர் ஒருவர்தான். வல்லபராயர் சுத்தியைத் தலைகீழாகப் பிடித்தார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. வேடிக்கை பார்க்க வந்த யாருக்கும் குறை சொல்ல நினைவே இல்லை. பத்து ஆணி தாண்டுவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது.

"இது அநியாயம் அரசே. ஆயிரம் யாரால் முடியும்? பழையபடி நூறே போதும்."

"அப்படியே ஆகட்டும்" என்றான் அரசன், சட்டென்று.

வல்லபராயர் நிமிர்ந்தார். "குறை வந்துவிட்டது. இவரை நாடு கடத்துங்கள்."

"குறை சொன்னது யார்?" என்று கேட்டான் அரசன்.

"நான்தா..." என்றவர் வாயை மூடிக்கொண்டார்.

"எண்ணை நான் தொடவில்லை அரசே. ஏற்றியவரே இறக்கினார்" என்றான் தில்லைக்கூத்தன்.

வல்லபராயரின் வாளும் பதவியும் போயின. ஆட்டத்தின் பொறுப்பு விகடகவிக்கு வந்தது. அரசன் தன் முத்துமாலையை அவன் கழுத்தில் போட்டான். தில்லைக்கூத்தன் குனிந்து அவன் காதருகே மெல்லச் சொன்னான்.

"மாசானத்துக்கு இன்றே வாள் கிடைத்துவிடும்."

அரசனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யார் சொன்னார்கள்? ஒற்றனா?"

"ஒரு மாதமாகப் பாயசக் கிண்ணத்தை இடது கையால் பிடிக்கிறீர்களே அரசே. மாசானம் ஆட வந்தும் ஒரு மாதம்தான் ஆகிறது."

கொப்புளம் வெடித்த வலக்கையைப் பார்த்து அரசன் விழுந்து விழுந்து சிரித்தான். அன்று அவன் ஒருவரையும் சந்தேகப்படவில்லை. நேரே ஆட்டக்கூடத்துக்குப் போனான்.