ஒச்சப்பனின் ஆயுசு அடைத்த கடவாய்ப்பல்

ஊமத்தம்பட்டிக்காரர்களுக்குப் புத்தி இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். இருக்கிறது ஐயா, மூட்டை மூட்டையாக இருக்கிறது. எடுத்தால் தேய்ந்துவிடுமே என்று பத்திரமாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊர் ஒச்சப்பனுக்கு எழுபது வயதில் கடவாய்ப்பல் சொத்தையானது. டவுன் பல் டாக்டரம்மா குடைந்து அடைத்துவிட்டார்.

"எம்புட்டு நாளைக்குத் தாங்கும் தாயி?" என்றார் ஒச்சப்பன்.

வெளியே கூட்டம். அந்த அவசரத்தில் டாக்டரம்மா, "உங்க ஆயுசு வரைக்கும் இருக்கும், போங்க பெரியவரே" என்று சொல்லிவிட்டார். எந்த ஊர்க்காரரிடம் பேசுகிறோம் என்று பார்த்துப் பேச வேண்டாமா அந்த அம்மா?

கொஞ்ச நாளில் கெடாவெட்டு வந்தது. ஒச்சப்பன் இலையில் நல்லி எலும்பு. ஆசையாக ஒரு கடி கடித்தார். பல்லில் அடைத்தது பெயர்ந்து இலையில் விழுந்தது.

பக்கத்து இலையில் சோணைமுத்து. ஊருக்கு நியாயம் சொல்கிறவர். அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஒச்சு, டாக்டரம்மா என்ன சொன்னாக?"

"ஆயுசு வரைக்கும் இருக்கும்னாக."

"இது விழுந்துருச்சா?"

"விழுந்துருச்சு."

"அப்ப ஆயுசு?"

ஒச்சப்பன் முகம் வெளுத்துவிட்டது. "ஐயையோ, முடிஞ்சுபோச்சா! ஆனா மாமா, எனக்குப் பசிக்குதே?"

"படிச்ச புள்ள பொய் சொல்லுமா? உன் வயிறு எந்தக் காலேசுல படிச்சுச்சு?"

அதற்கு மேல் பேச்சு ஏது? கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினார்கள், தாடையைச் சுற்றித் துணி கட்டிப் பாடையில் படுக்க வைத்தார்கள். செத்தவனுக்கு எதற்குக் கறி என்று சோணைமுத்து அந்த இலையையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தன் நல்லி எலும்பை இன்னொருவர் உறிஞ்சுவதைப் பாடையில் படுத்தபடி பார்த்த ஒச்சப்பனுக்குக் கண்ணீர் பொங்கியது. "தன் சாவுக்குத் தானே அழுகுறான், தங்கமான மனுசன்" என்று ஊரே உருகியது.

அவர் சம்சாரம் ஒய்யம்மாள் மட்டும், "டாக்டரம்மா வாயால கேக்காம தாலியக் கழட்ட மாட்டேன்" என்று ஒற்றைக்காலில் நின்றாள். சரியென்று பாடையை டவுனுக்குத் தூக்கினார்கள். வழியில் மேடு வந்தது, தோள் வலித்தது.

"ஒச்சு, இந்த மேட்டுக்கு மட்டும் பாடைய விட்டு இறங்கி நடந்துரு. அப்புறம் செத்துக்கலாம்."

ஒச்சப்பனும் கட்டைவிரல் கட்டோடு தத்தித் தத்தி ஏறிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார்.

டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். "வயசானா வாயில எச்சி வத்தும்யா. அடைச்சது சில பேருக்குச் சீக்கிரமே பேந்துரும். மறுபடி அடைச்சாப் போச்சு!"

அடைத்தார். தாடைக்கட்டு அவிழ்ந்த ஒச்சப்பன் சொன்ன முதல் வார்த்தை, "என் கறி எங்க?"

"பொழச்சுட்டான்!" என்று கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. உடனே எல்லாரும் வாயைப் பிளந்து வரிசையில் நின்றார்கள், எங்களுக்கும் உசுரை அடைத்துவிடு தாயி என்று. நல்ல பல்லைக் குடைய முடியாது என்று டாக்டரம்மா எல்லாரையும் விரட்டினார். பொக்கைவாய்த் தவசி மட்டும் தன் பல்செட்டைக் கழற்றி மேசையில் வைத்து, காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். விட்டால் போதுமென்று டாக்டரம்மா பல் அடைக்கும் பசையில் ஒரு பொட்டு எடுத்து அதில் அப்பி அனுப்பினார்.

பல்செட் இப்போது பீரோவுக்குள். சாவி தவசியின் அரைஞாணில். மனுசன் கஞ்சிதான் குடிக்கிறார். ஆனால் மெயின் ரோட்டைத் தாண்டும்போது இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்ப்பதே இல்லை. பிரேக் போட்டு வியர்த்துப்போன பஸ் டிரைவர் கத்தினால், நடு ரோட்டில் நின்று நிதானமாகக் கேட்கிறார்:

"எதுக்குத் தம்பி பதறுற? உசுரு வீட்டுல பீரோவுக்குள்ள இருக்கு. உன் பஸ்சு என்ன, சாவியா வச்சிருக்கு?"