குறி தப்பிய மின்னல்

"உங்க சாமிக்குக் குறி தப்பிப்போச்சு, தாயே!"

மலையேறி வந்த மூச்சிரைப்போடு கத்தினான் லுலாஷ். தோளில் துப்பாக்கி.

அல்பேனிய மலைகளில் வானத்துக்கு ஒரு சாமி உண்டு. பெயர் ஸோய்ஸ். மின்னல் அவர் கையில். மின்னலோடு விழுந்ததாகச் சொல்லும் இடிக்கல்லைக் காத்துவந்தவள் திரானே. லுலாஷைவிட வயதில் சின்னவள்தான். ஆனாலும் அவன் அவளுக்குச் சீடனாக இருந்தான், தாயே என்றுதான் கூப்பிடுவான்.

"என்னாச்சு?"

"நேத்து இடி விழுந்துச்சு. பர்தோக் கூரையில இல்ல. என் வைக்கோல் போர்ல!"

திரானேவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

லுலாஷின் தம்பியை மேட்டு மேய்ச்சலில் யாரோ சுட்டுப் போட்டிருந்தார்கள். முந்தின நாள்தான் அந்தத் தம்பிக்கும் அதே ஊர் பர்தோக்குக்கும் வாய்க்கால் தண்ணீருக்காகச் சண்டை. பர்தோக்தான் கொன்றான் என்றான் லுலாஷ். பர்தோக் இடிக்கல்லைக் கையில் ஏந்தி, நான் கொல்லவில்லை என்று சத்தியம் செய்தான். பொய்ச் சத்தியம் செய்தவன் வீட்டை மின்னல் தேடி வரும் என்பது அந்த ஊர் நம்பிக்கை.

அன்றிலிருந்து வானம் இருட்டினால் ஊரே வீட்டுக்குள் ஓடும். லுலாஷ் மட்டும் வெளியே ஓடுவான். நனைந்துகொண்டே பர்தோக்கின் கூரையைப் பார்த்து நிற்பான். என்ன மனுஷனோ!

"இனிமே சாமியை நம்பிப் புண்ணியமில்ல. இன்னைக்கே நானே முடிச்சிடறேன். சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

"சரி, போ. போறதுக்கு முன்னாடி இதைப் பிடி."

இடிக்கல்லை அவன் கையில் வைத்தாள்.

"எதுக்கு?"

"பர்தோக்தான் கொன்னான்னு சத்தியம் பண்ணு."

"பண்ணுவேனே!" லுலாஷ் கல்லை உயர்த்தினான். "இந்தக் கல்லு மேல ஆணை. அந்த வானத்து மேல ஆணை. என் தம்பியை..."

வானத்தில் ஒரு மேகம் கிடையாது. அப்பழுக்கில்லாத நீலம்.

"ம், சொல்லு."

லுலாஷ் கல்லை இன்னொரு கைக்கு மாற்றினான். கொலையை அவன் கண்ணால் பார்க்கவில்லை. அன்று அவன் மலைக்கே போகவில்லை.

"தம்பியை..." என்றான் மறுபடி.



கல்லை மெல்லக் கீழே வைத்தான். துப்பாக்கியைக் கழற்றி அதன் பக்கத்தில் கிடத்தினான். அப்படியே உட்கார்ந்து அழுதான். தம்பியைப் புதைத்த அன்றுகூட அவன் அழவில்லை.

"அப்போ அவனைக் கொன்னது யாரு?"

"இத்தனை நாள்ல இன்னைக்குத்தான் அதைக் கேக்கறே."

"சொல்லுங்க தாயே. கண்டுபிடிக்காம விடமாட்டேன். எத்தனை மலை ஏறணும்னாலும் ஏறுவேன்."

"ஏற வேண்டாம், இறங்கு. இந்தக் கல்லு மேல சத்தியம் நடந்த மறுநாள் ஒருத்தன் உன் வாசல்ல வந்து நின்னான். அன்னைக்கு மேட்டுல பார்த்ததைச் சொல்லணும்னு வந்தான். நீ கதவைத் திறக்கல."

"யாரு?"

"பர்தோக்."