தலையில ஊத்துனா காலுக்கு வரும்

ஆத்தங்கரையை ஒட்டுனாப்புல ஒரு ஊராம், அந்த ஊர்ல திருமேனி திருமேனின்னு ஒருத்தன் இருந்தானாம். பேருக்கேத்த ஆளு. காலையில ஒரு குளி, உச்சியில ஒரு குளி, விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒரு குளி. குளிச்சிட்டுச் சந்தனத்தை அப்பிக்கிட்டு வாசல்ல நின்னு, வர்றவன் போறவனையெல்லாம் நிறுத்தி, காதுக்குப் பின்னால அழுக்கு இருக்கே, நீயெல்லாம் குளிக்கிறதே இல்லையான்னு கேப்பான். சுத்தக்காரன்னே ஊர்ல அவனுக்குப் பேரு. அந்தப் பேருன்னா அவனுக்கு உசுரு.

ஆனா குளிக்கையில குனிய மாட்டான். நெட்டுக்குத்தா நின்னு செம்பு செம்பா தலையில ஊத்துவான், மூஞ்சியைத் தேய்ப்பான், தோளைத் தேய்ப்பான், வயித்தைத் தேய்ப்பான், முழங்காலோட சரி. அதுக்குக் கீழ ரெண்டு பாதம் இருக்குங்கிற நெனப்பே கெடையாது. என்னடா சிரிப்பு அங்க, கதை கேக்கும்போது? நீ மட்டும் தேய்க்கிறியாக்கும், முந்தாநாள் நான் பாக்கலியா?

அவன் அம்மா சொல்லிப் பாத்தா, எய்யா, கொஞ்சம் குனிஞ்சு குதிகாலைத் தேயேன்னு. அதுக்கு அவன், "தலையில ஊத்துனா காலுக்குத் தானா வரும்"னுட்டான். அப்புறம் வீட்டு நாய் சொல்லிச்சு. அந்தக் காலத்துல நாய் பேசும், நடுவுல கேக்காத. எத்தனையோ குப்பையில படுத்திருக்கேன், ஒன் கால்மாட்டுல மட்டும் படுக்க முடியல, கொஞ்சம் தேய்ச்சுக் குளின்னுச்சாம். அதுக்கும் அவன், "தலையில ஊத்துனா காலுக்குத் தானா வரும்"னுட்டான். நாய் பேசாம மாட்டுத்தொழுவுல போய்ப் படுத்துக்கிச்சு.

அப்புறம் அவனுக்குப் பக்கத்து ஊருக்குப் பொண்ணு பாக்கப் போனாங்க. பொண்ணு பேரு கோமு. தங்கமான பொண்ணு, சேத்துல நின்னு நாத்து நட்டு நட்டுக் குதிகால் வெடிச்சிருந்துச்சு. இவன் மொகத்தைப் பாக்கல, காலைப் பாத்தான். பாத்திட்டு, அத்தனை பேருக்கும் கேக்கிற மாதிரி, இந்தக் கால் ஏறினா எங்க வீடு நாறிப்போகும்னுட்டு எந்திரிச்சு வந்திட்டான். அந்தப் புள்ள காலைச் சேலைக்குள்ள இழுத்துக்கிட்டா. அன்னையிலேருந்து எங்க உக்காந்தாலும் காலை மறைச்சுத்தான் உக்காருவா, கல்யாண வீட்டுல பந்தியிலகூட அப்படித்தான்.

அதே ஊர்லயே ஆவுடையப்பர்னு ஒரு பெரியவர். அவர் மக வடிவு, கோமுவுக்கு உசுருத் தோழி. அடுத்தாப்புல அவளைத்தான் பொண்ணு பாக்கப் போனாங்க. சுத்தக்கார மாப்பிள்ளை வர்றாருன்னு அவருக்கு ஒரே சந்தோசம். வடிவு மட்டும் காபியைக் குடுக்கும்போது மெதுவா கேட்டா, மூணு வேளை குளிக்கிறீகளாமே, காலை எத்தனை வேளை தேய்ப்பீகன்னு. அதுக்கும் அவன், "தலையில ஊத்துனா காலுக்குத் தானா வரும்"னான். மாப்பிள்ளை என்னமா பேசுறாருன்னு எல்லாரும் சிரிச்சுட்டு, வெத்தலை பாக்கு மாத்திட்டாங்க.

கல்யாணமும் வந்துச்சு. மாப்பிள்ளையை மணையில உக்கார வச்சு, பொண்ணுக்கு அப்பா அம்மா அவன் காலைத் தாம்பாளத்துல வச்சுக் கழுவி, அந்தத் தண்ணியை அவங்க தலையில தெளிச்சுக்கணும். அதான் மொறை. இந்த மொறை திருமேனிக்கும் தெரியும், ஆனா தாம்பாளம் கண்ணு முன்னால வர்ற வரைக்கும் நெனப்புல வரல. வந்ததும் பொறந்ததுலேருந்து மொதத் தடவையா தன் காலைப் பாத்தான். பாத்ததும் வேட்டிக்குள்ள இழுத்துக்கிட்டான். கோமு இழுத்துக்கிட்டாளே, அதே மாதிரி.

இதெல்லாம் வேண்டாமே மாமான்னான். மாப்பிள்ளைக்கு எவ்வளவு பெரிய மனசுன்னு கூட்டத்துல ஒருத்தர் சொன்னார். ஆவுடையப்பர் அவன் காலைப் பிடிச்சுத் தாம்பாளத்துல வச்சார். சம்சாரம் ஊத்த, இவர் கழுவுறார். மொதச் செம்புக்குத் தண்ணி கலங்குச்சு. ரெண்டாஞ் செம்புக்குக் கருப்பட்டித் தண்ணியாச்சு. மூணாஞ் செம்புக்கு வெரல் இடுக்குலேருந்து உருண்டை உருண்டையா வந்து மெதக்குது. மேளக்காரர் வாசிக்கிறதை நிறுத்திட்டுப் பாக்குறார். ஆவுடையப்பர் தலையை நிமுத்தாம, யாருக்கும் கேக்காத கொரல்ல, "மாப்பிள்ளே, கொஞ்சம் வெந்நி கொண்டாரச் சொல்லட்டுமா?"ன்னார்.

அவர் திட்டியிருந்தாக்கூட அவனுக்குத் தேவலை. மணையோட பூமிக்குள்ள போயிட மாட்டோமான்னு இருக்கு. அந்நேரம் பாத்து ஒரு கை வந்து, தாம்பாளத்துப் பக்கத்துல ஒரு பீர்க்கங்கூட்டை வச்சிச்சு, முதுகு தேய்க்கிற காஞ்ச கூடு. வச்சது கோமு. அவனால அவ மொகத்தைப் பாக்க முடியல, பாக்க முடிஞ்சதெல்லாம் அந்த வெடிச்ச கால்தான். அது சுத்தமா, மஞ்ச பூசி இருந்துச்சு.

கழுவி முடிச்சாச்சு. ஆவுடையப்பர் மொறையை விட முடியாம, தலையில தெளிக்க அந்தக் கருந்தண்ணியில கையை வச்சார். திருமேனி அவர் கையைப் பிடிச்சிட்டான்.

"வேண்டாம் மாமா. இது என் அழுக்கு"ன்னான்.

சொல்லிட்டு, குனியாத மனுசன் குனிஞ்சு தாம்பாளத்தைத் தூக்கித் தன் தலையிலயே ஊத்திக்கிட்டான். பட்டு நனைஞ்சுபோச்சு, சந்தனம் வழியுது. தலையில ஊத்துனா காலுக்கு வரும்னு சொன்னவனுக்கு, கால்ல ஊத்துனது தலைக்கு வந்து சேந்துச்சு.

பக்கத்து மணையில இருந்த வடிவுதான் வாயைத் தெறந்தா. தாலி எங்கேயும் போயிடாது, மொதல்ல கோமுகிட்ட கேக்க வேண்டியதைக் கேளுங்க, அப்புறம் கெணத்தடியில போய்த் தேய்ச்சிட்டு வாங்கன்னா.

அவன் எந்திரிச்சு, சொட்டச் சொட்டக் கோமு முன்னால போய் நின்னு, தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு, "தாயி, அன்னைக்கு நான் ஒன் காலைச் சொல்லல, என் காலைத்தான் சொல்லியிருக்கேன். மன்னிச்சிரு"ன்னான். கோமு பந்தல்ல முன் வரிசையில போய் உக்காந்து, ரெண்டு காலையும் நல்லா நீட்டிக்கிட்டா. அவன் கெணத்தடியில குத்தவச்சு வெரல் வெரலாத் தேய்ச்சிட்டு வந்து தாலி கட்டுற வரைக்கும் அவ மடக்கவே இல்ல.

அப்புறம் சுத்தக்காரங்கிற பேரு போச்சு, குனிஞ்ச மாப்பிள்ளைன்னு ஆச்சு. அடுத்தவங்க காதுக்குப் பின்னால எட்டிப் பாக்குற பழக்கமும் போச்சு. நாய் கால்மாட்டுக்குத் திரும்பி வந்திருச்சாம்.

ஈரக்கால் தடம் காஞ்சுது, எங்கதையும் ஓஞ்சுது. அடுத்தவன் காலைப் பாக்குமுன்னே தன் காலைப் பாக்கணும். எங்கடா போர்வையை இழுக்குற? எந்திரி, போய்க் குனிஞ்சு தேய்ச்சுட்டு வந்து படு.